சந்திக் கடைகள்: கூட்டத்துக்கு முன் ஒரு வார்த்தை



கொஞ்சம் நீளமான பதிவு. நமது சந்தியில் பள்ளிவாசல் கட்டப்போகும் கடைகளுக்கு முற்பணம் கட்ட நினைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். ஏற்கெனவே கட்டியவர்களும் வாசிக்கலாம். நிர்வாகத்தினர் நல்ல மனிதர்கள், திருப்பிக் கேட்டால் கோபிக்க மாட்டார்கள்.

போன புதன்கிழமை பாடசாலை விட்ட பிறகு ஒரு தாய் கேட்டடியில் காத்துக்கொண்டிருந்தார். மகன் பத்தாம் தரம். கணவர் கத்தாரில். மகனைப் பற்றி ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு.

"டீச்சர், சந்தீல பள்ளிக் கடை ஒன்டுக்கு அஞ்சு லச்சம் கேக்குறாங்க. மகள்ட காப்பு ரெண்டும் ஈக்கி. அடகு வெச்சிக் கட்டவா?"

எங்கள் வீட்டில் இருவரும் ஆசிரியர்கள். வியாபாரம் என்று எதுவும் செய்ததில்லை. மாதக் கடைசியில் கடைக்காரரிடம் கடன் சொல்வது மட்டும்தான் எங்களுக்கும் வியாபாரத்துக்கும் உள்ள தொடர்பு. ஆனாலும் "கட்டுங்கள்" என்று வாயில் வரவில்லை. "ஒரு கிழமை பொறுங்க" என்று சொல்லி அனுப்பினோம். அந்த ஒரு கிழமையில் யோசித்ததும் விசாரித்ததும்தான் இந்தப் பதிவு.

விஷயம் எல்லோருக்கும் தெரியும். சந்தியில் உள்ள பள்ளிவாசல் வக்புக் காணி, கிட்டத்தட்ட 28 பேர்ச். வீதியைப் பார்த்தபடி பத்தடி அகலத்தில் 14 கடைகள் வரிசையாக. வரும் வாடகையில் மத்ரஸா உஸ்தாத்மாருக்குச் சம்பளம், விதவைகளுக்கு உதவி. நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை. இப்போதுதான் சந்தியில் இவ்வளவு வாகனம், இப்போது கட்டாவிட்டால் எப்போது கட்டுவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்களுடைய பயமும் அந்த "இப்போது"வில்தான் இருக்கிறது.

இந்த வாகனங்கள் எங்கிருந்து வந்தன? பத்து வருடத்துக்கு முன் நமது சந்தி எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பஸ்யாலயிலிருந்து மீரிகம போகும் பஸ், தேங்காய் லொறி, நாலைந்து ஓட்டோ, பாடசாலைப் பிள்ளைகள். அவ்வளவுதான். 2022 ஜனவரியில் மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் மீரிகம – குருநாகல் பகுதி, சுமார் 40 கிலோமீற்றர், திறக்கப்பட்டது. அதோடு கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, அநுராதபுரம் போகிறவர்களில் ஒரு கூட்டம் மீரிகமயில் ஹைவேயில் ஏறத் தொடங்கியது. ஆனால் மீரிகமைக்கு அவர்கள் எப்படி வருவது? கடவத்தையிலிருந்து மீரிகம வரையான முதற் பகுதி, சுமார் 37 கிலோமீற்றர், கட்டி முடியவில்லை. ஆகவே கண்டி வீதியில் யக்கல, நிட்டம்புவ என்று ஊர்ந்து வந்து, பஸ்யாலயில் திரும்பி, நமது சந்தியைக் கடந்து போகிறார்கள். 2022 நெருக்கடியில் அந்த முதற் பகுதியின் வேலை நின்றது. 2025இல் மறுபடி தொடங்கியது.

அதாவது நாம் இன்று சந்தியில் பார்ப்பது ஒரு முடியாத வீதியின் கூட்டம். வீதி முடிந்தால் கடவத்தையில் ஏறியவர் மீரிகமையில் இறங்கவே மாட்டார், நேராகக் குருநாகலுக்குப் போய்விடுவார். கடவத்தையில் வெளிச்சுற்று வட்ட ஹைவேயும் சேர்வதால், காலியிலிருந்து வருபவர்கூட கண்டி வீதியில் டயர் படாமல் குருநாகல் போகலாம். கண்டிக்குப் போகிறவர்கள் கண்டி வீதியில்தான் தொடர்ந்து போவார்கள், ஏனென்றால் பொத்துஹெர – கலகெதர பகுதி இன்னும் வரவில்லை. கஜுகமவில் கஜு விற்கும் அக்காமாருக்கு அதனால் உடனே பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து நமக்குத்தான். நாம் கண்டி வீதியிலும் இல்லை, ஹைவேயிலும் இல்லை. இரண்டையும் இணைக்கும் ஒரு துண்டு வீதியில் இருக்கிறோம்.

இதைச் சொன்னதும் ஒரு சகோதரர் கேட்டார்: "இன்டர்சேஞ்ச் கிட்ட இருக்கே, அது போகாதே?" உண்மை, அது போகாது. ஆனால் இன்டர்சேஞ்ச் வேறு, சந்தி வேறு. சந்தியில் வாகனம் வேகம் குறைக்கும், திரும்பும், நிற்கும், ஆள் இறங்குவார். இன்டர்சேஞ்சில் டிக்கட் எடுக்க மட்டும்தான் கண்ணாடி இறங்கும். ஹைவேயில் போகிறவருக்குச் சாப்பாடு வேண்டுமென்றால் உள்ளேயே ஓய்விடம் இருக்கிறது. தெற்கு ஹைவேயில் வெலிபென்ன போனவர்களுக்குத் தெரியும்.

இதை எங்கள் வீட்டில் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உம்மாவின் ஊர் தெற்கே, காலி வீதி ஓரம். மாமாவுக்கு அங்கே ஒரு ஹோட்டல் இருந்தது. ஹோட்டல் என்றால் நாலு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டியில் ரோல்ஸ், பணிஸ், பின்னால் கொத்துக் கல். கொழும்பு – மாத்தறை தூர பஸ்கள் அங்கே கால் மணித்தியாலம் நிற்கும். சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால் நாங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பஸ் எண்ணுவோம். ஒரு பஸ் நின்றால் ஒரேயடியாக முப்பது நாற்பது பேர். தேத்தண்ணி ஊற்றுகிற கை நிற்காது.

அந்த பஸ்கள் ஏன் அங்கே நின்றன என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. இடம் நல்ல இடம் என்று நினைத்தோம். பிறகு மாமி சொன்னார். ட்ரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு இலவசம், போகும்போது ஒரு பார்சலும். இடம் பஸ்ஸை நிறுத்தவில்லை. ட்ரைவர் நிறுத்தினார்.

2011 தொடக்கத்தில் மாமா கடன் எடுத்து மேல் மாடி கட்டினார். குடும்பமாக வருபவர்களுக்குத் தனி அறை, கை கழுவ வரிசையாகப் பேசின், பெண்கள் தொழ ஒரு சின்ன இடம்கூட வைத்தார். அதே வருடம் நவம்பர் 27ஆம் திகதி கொட்டாவ – பின்னதூவ ஹைவே திறந்தது. முதல் கிழமை ஊரில் எல்லோரும் சிரித்தார்கள், காசு கொடுத்து யார் அதில் போவார்கள் என்று. மூன்று மணித்தியாலப் பயணம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வந்த பிறகு யார்தான் போகமாட்டார்கள்? காருக்காரர்கள் முதலில் போனார்கள். ஏசி பஸ் வந்ததும் தூரப் பயணிகள் போனார்கள். அடுத்த ரமழான் வரும்போது மேல் மாடியில் மாமா வெங்காய மூட்டை அடுக்கி வைத்திருந்தார்.

அதே வரிசையில் இருந்த பார்மசிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹார்ட்வெயாருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாடசாலைச் சீருடை தைக்கும் கடை இன்றும் இருக்கிறது, இப்போது மகன் நடத்துகிறார். காலி வீதியில் வாகனம் குறைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, இன்று போனாலும் நெரிசல்தான். ஆனால் அது ஊர்க்காரர் ஊருக்குள் ஓடும் நெரிசல். மாமா கட்டியது ஊருக்காக அல்ல. கடனை அடைக்க வேனை விற்றார். கடைசியில் ஹோட்டலைக் கைமாற்றிவிட்டு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு சின்ன இடத்தில் பகல் சாப்பாட்டுப் பார்சல் போட்டார். அல்ஹம்துலில்லாஹ், அது நன்றாக ஓடியது. அங்கே யாருக்கும் இலவசச் சாப்பாடு கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, மாமாவின் கதை மாமாவின் கதை. நமது சந்தி எப்படி என்று பார்க்க வேண்டாமா? ஆசிரியர் கலாசாலையில் படித்தபோது புவியியல் விரிவுரையாளர் ஒருவர் எங்களை நடுவெயிலில் ஒரு சந்தியில் உட்காரவைத்து வாகனம் எண்ண வைத்தார். அன்று அவரைத் திட்டினோம். இப்போது அதையே நமது பத்தாம் தரப் பிள்ளைகளோடு செய்தோம், பெற்றோர் அனுமதியோடு, பள்ளிவாசல் விறாந்தையில் இருந்துகொண்டு. தாளில் மூன்று கட்டம்: நிற்காமல் போனது, நின்றது, ஏன் நின்றது.

முதற் கட்டம் அரை மணித்தியாலத்துக்குள் கோடு போட இடமில்லாமல் நிறைந்தது. இரண்டாவதில் கோடுகள் கொஞ்சம். மூன்றாவதைப் பார்த்துத்தான் நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். நின்ற வெளியூர் வாகனங்களில் பாதிக்கு மேல் ஒரே காரணம். பிள்ளைகளில் ஒருவன் அவனது பாஷையில் எழுதியிருந்தான்: "ஹைவேக்குப் போற பாதை கேட்டாங்க." வழி கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் இறங்கி இளநீர் குடித்திருக்கிறார். மற்றபடி நின்றவை எல்லாம் நமது ஓட்டோக்கள், நமது மோட்டார் சைக்கிள்கள், சுற்றுவட்டாரத்து வேன்கள். சிங்களக் கிராமங்களிலிருந்து நமது ஊர் டிஸ்பென்சரிக்கும் இறைச்சிக் கடைக்கும் துணிக் கடைக்கும் வருகிறவர்கள். ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் ஹைவேயில் ஏற முடியாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஹைவே எத்தனை கட்டினாலும் இவர்கள் நமது சந்திக்கு வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

பிறகு அந்த வரைபடம். நிர்வாகச் செயலாளரிடம் கேட்டு ஒரு பிரதி எடுத்தோம், மறுக்காமல் தந்தார். காணியின் முகப்பு 140 அடி, உள்நீளம் சராசரி 54 அடி. கடைகள் வடிகாணிலிருந்து ஐந்தடி விட்டுத் தொடங்குகின்றன, ஆழம் இருபதடி. பின்னால் 29 அடி வெறும் இடம், "எதிர்கால விஸ்தரிப்பு" என்று எழுதியிருக்கிறது. வாகனம் நிறுத்த இடம் எங்கே? வரைபடத்தில் இல்லை. வீதி ஓரத்தில் நிறுத்துவார்களாம். ஒரு காருக்கு இருபதடி என்றால் 140 அடியில் 7 கார். 14 கடைக்காரர்களின் வாகனமே அதை நிரப்பிவிடும். அதற்கு மேல் வருபவர் வீதியில் நிறுத்துவார், பின்னால் வரும் பஸ் அவரைச் சுற்றிக்கொண்டு எதிர்ப் பக்கம் ஏறும், எதிர்ப் பக்கத்தில்தான் நமது பிள்ளைகள் கடக்கும் மஞ்சள் கடவை இருக்கிறது. காலை ஏழு பத்துக்கு அந்தக் கடவையில் நின்று பிள்ளைகளைக் கடத்திவிடுவது எங்கள் வேலை. ஆகவே இதில் எங்களுக்குச் சுயநலமும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே காணியில் கடைகளைப் பின்னால் தள்ளினால் என்ன? முன்னால் 36 அடி விட்டால் 16 அடியில் கார்களைக் குறுக்காக நிறுத்தலாம், 20 அடியில் உள்ளேயே திருப்பி எடுக்கலாம். ஒரு காருக்கு எட்டடி அகலம். உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல், இரண்டுக்கும் 24 அடி போக 116 அடி. 14 கார் நிற்கும். பின்னால் 18 அடி ஆழத்தில் கடைகள். கழிவறைக்கும் வுழூ செய்யும் இடத்துக்கும் இடம் எடுத்தால் 14 கடைக்குப் பதில் 11 வரும். மூன்று கடை வாடகை குறையும் என்பது உண்மை. ஆனால் நிற்க இடமுள்ள 11 கடை, நிற்க இடமில்லாத 14ஐ விட நீண்ட காலம் வாடகை தரும் என்று நினைக்கிறோம். கணக்குத் தெரிந்த வியாபாரிகள் எங்களைத் திருத்துங்கள்.

கடைகளைப் பின்னால் தள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த வீதி நாளை அகலமாகலாம். காணி சுவீகரிப்புச் சட்டம் 1950ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 2ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் நில அளவை, பிறகு 5, 7, 9 என்று ஒவ்வொரு படியாகப் போகும். அவசரமென்றால் 38இன் கீழ் உடனேயே எடுத்துக்கொள்ளவும் முடியும். வெற்று முற்றம் என்றால் கொடுத்துவிட்டுக் கடையைத் தொடர்ந்து நடத்தலாம். கடையின் முகப்பென்றால் ஷட்டரோடு உடைக்க வேண்டும். எந்தக் கட்டடத்துக்கும் முன்னால் பிரதேச சபையில் வீதி எல்லை, கட்டட எல்லைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். வீதியின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை அடி விட வேண்டும் என்று அதில் எழுதித் தருவார்கள். நாங்கள் பார்த்த வரைபடத்தோடு அந்தச் சான்றிதழ் இருக்கவில்லை. எடுத்திருந்தால் கூட்டத்தில் காட்டுங்கள், மகிழ்ச்சி.

வீதியை அகலமாக்கும் திட்டம் உண்டா என்று தெரிந்துகொள்ள அமைச்சர் வீட்டு வாசலில் நிற்கத் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். நாங்கள் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். பதில் வந்ததும் இதே இடத்தில் போடுகிறோம்.

வக்பு என்பதால் இன்னும் ஒரு விஷயம். இது யாருடைய சொந்தக் காணியும் இல்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி வக்பு சபைக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய சொத்து. முற்பணம் என்று வாங்கும் காசுக்குப் பற்றுச்சீட்டில் என்ன எழுதப்படுகிறது? கடை கட்டாவிட்டால் காசு எப்போது திரும்பும்? எத்தனை வருடக் குத்தகை? இதுவரை காசு கட்டிய மூன்று பேரிடம் கேட்டோம். மூவரும் மூன்று பதில் சொன்னார்கள். யாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எழுதி வைக்கவில்லை என்றுதான் சொல்கிறோம்.

இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறோம், சந்திக்குக் கீழே வயலை வாங்கி மண் போடுகிறவர்களும் நம்மவர்கள்தான். கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் வயலை நிரப்ப முடியாது என்பதை விடுங்கள். அந்த வயல்தான் நமது ஊரின் மழைத் தண்ணீர் இறங்கும் இடம். போன மாரியில் பாடசாலை மைதானத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதை எல்லோரும் பார்த்தோம். படம் எடுத்துப் போட்டவர்களில் மண் போட்டவரும் ஒருவர்.

அப்படியென்றால் சந்தியில் எதுவுமே செய்யக்கூடாதா? செய்ய வேண்டும். இப்போதே செய்ய வேண்டும், ஆனால் வேறு ஆட்களை நினைத்து. கொட்டாவப் பக்கம் மாக்கும்புர போய்ப் பாருங்கள். ஹைவே பஸ் நிலையம், ரயில் நிலையம், வாகனத் தரிப்பிடம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். அங்கே மனிதர்கள் இறங்குகிறார்கள், காத்திருக்கிறார்கள், ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறார்கள். காத்திருப்பவருக்குத்தான் பசிக்கும், மருந்து வாங்க வேண்டியது ஞாபகம் வரும். முதற் பகுதி திறந்த பிறகு நமது ஊர்களிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர்கள் மீரிகமைக்குப் போய்த்தான் ஹைவே பஸ் ஏறுவார்கள். அவர்கள் மோட்டார் சைக்கிளை எங்கே விடுவார்கள்? சந்தியிலிருந்து மீரிகமைக்கு எதில் போவார்கள்? ஒரு கூரை போட்ட சைக்கிள் தரிப்பிடமும் கடைகளுக்கு முன்னால் ஒழுங்கான பஸ் தரிப்பிடமும் இருந்தால் அந்தக் கூட்டம் காலையும் மாலையும் நமது சந்தியில் கால் வைக்கும். பஸ் தரிப்பிடத்துக்குப் பிரதேச சபையிடம் கேட்க வேண்டும். பக்கத்துச் சிங்களக் கிராமங்களின் சங்கங்களையும் பன்சலை நாயக்க தேரரையும் சேர்த்துக்கொண்டு போனால் கேட்பது இன்னும் பலமாக இருக்கும். அவர்களுக்கும் அதே பஸ்தானே.

கடைகளில் என்ன வியாபாரம் என்பதையும் முற்பணம் வாங்க முன்னரே யோசிக்கலாம். 14 கடையில் 5 சாப்பாட்டுக் கடை என்று கேள்விப்பட்டோம். ஒரே பஸ்ஸுக்காக ஐந்து பேர் காத்திருப்பது என்றால் மாமாவின் இலவசப் பார்சல்தான் ஞாபகம் வருகிறது. நமது ஊரில் இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்கு நிட்டம்புவைக்கு ஓடுகிறோம். நல்ல ஒரு ஸ்டேஷனரிக் கடை இல்லை, போட்டோப் பிரதி எடுக்க மீரிகமைக்குப் போகிறோம். இரத்தப் பரிசோதனைக்குக் காலையில் வயதானவர்களைப் பட்டினியோடு ஓட்டோவில் ஏற்றுகிறோம். இந்த மூன்றுக்கும் ஹைவே திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஆள் இருக்கும்.

நேற்று அந்தத் தாயைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னோம். காப்பை இப்போதைக்கு அடகு வைக்க வேண்டாம், கூட்டம் முடியட்டும் என்றோம். என்ன கடை போட நினைத்தீர்கள் என்று அப்போதுதான் கேட்டோம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தையல், என்றார். பாடசாலைச் சீருடை, அபாயா. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "தையலுக்கு ரோட்டுப் பக்கம் தேவல்லயே டீச்சர். ஸ்கூல் கேட்டுக்குக் கிட்டவா ஒரு ரூம் கெடச்சாப் போதுமே."

பாடசாலைப் பக்கம் வாடகைக்கு அறை வைத்திருப்பவர்கள் இருந்தால் எங்களுக்குத் தனியாக அறிவியுங்கள். வாடகை நியாயமாக இருக்கட்டும்.

கூட்டம் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, மத்ரஸா மண்டபத்தில். பெண்களும் வரலாம் என்று தலைவர் உறுதி சொல்லியிருக்கிறார், பின்பக்க வாசல் திறந்திருக்கும். வாகனம் எண்ணிய தாளையும் இரண்டு வரைபடத்தையும் பிள்ளைகள் பெரிதாக வரைந்திருக்கிறார்கள், சுவரில் ஒட்டுவோம். கட்டட எல்லைச் சான்றிதழ் வைத்திருப்பவர், பழைய நில அளவைப் படம் வைத்திருப்பவர், வீதித் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற நமதூர்ச் சகோதரர் ஆகியோர் கட்டாயம் வாருங்கள். முற்பணம் கட்டியவர்கள் பற்றுச்சீட்டைக் கொண்டு வாருங்கள்.